வேலை முடிந்தால் பேசாது

என் கண்ணைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு எரிச்சல் வரும். கணினியைப் பற்றி விசாரித்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. சொல்லித் தொலைக்கிறேன்.

நான் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். தறியில் உட்கார்ந்ததில்லை. கட்டம் போட்ட தாளில் மாங்காய், மயில், கோபுரம் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. தாளில் ஒரு வரி என்றால் தறிக்கு ஒரு அட்டை. நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த இடத்தில் தறியில் இழை தூக்கும். ஒரு கட்டம் தப்பினால் மயிலின் மூக்கு கோணிக்கொள்ளும். அந்த அட்டைகளைக் குத்துகிறவர் என் கணவர். கல்யாணமான புதிதில் கையால் குத்தும் மெஷின்தான் வீட்டில் இருந்தது. நான் தாளைப் பார்த்துப் படிப்பேன், அவர் குத்துவார். "மூணு விடு, ரெண்டு குத்து, அஞ்சு விடு, ஒண்ணு குத்து." வலது கோடியிலிருந்துதான் படிக்க வேண்டும், அவருடைய மெஷினில் முதல் ஓட்டை விழும் இடம் வலது பக்கம் இருந்தது. ஊரில் மற்றவர்கள் எப்படிப் படித்தார்களோ, எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். என் வயதுப் பெண்கள் கணவனோடு சினிமாவுக்குப் போன நாட்களில் நான் விடு, குத்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை.

பிறகு வீட்டுக்குக் கணினி வந்தது. குத்துகிற மெஷினும் மாறி, பெண்டிரைவைச் செருகினால் தானே குத்துகிறதாக ஒன்று வந்தது. ஒருவர் படிக்க ஒருவர் குத்துகிற வேலை அதோடு நின்றுபோனது. கணினியில் போட்டிருந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் கள்ளக் காப்பி. தெரிந்தவர் ஒருவர் சிடியில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தது. வாரத்துக்கு ஒரு வைரஸ் விருந்தாளி மாதிரி வந்து போகும். ஒரு கல்யாண சீசனில் வந்த விருந்தாளி நாற்பது டிசைனைத் தின்றுவிட்டுப் போனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் கணினியைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஓசியிலயே ஒண்ணு இருக்குதுக்கா. லினக்ஸுனு பேரு. வைரஸ் தொல்லை இல்ல. யாரு வேணா பிரிச்சுப் பாக்கலாம், மாத்திக்கலாம். ஆனா உங்களுக்கு ஒத்து வராது. அது படிச்சவங்களுக்கு."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

போட்டுக்கொண்டு வந்தேன். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டுக்குத் தலை எது வால் எது என்றே எனக்குப் புரியவில்லை. பிரிண்டர் அசைய மறுத்தது. தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாய்ச் சண்டைக்காரர்கள்போல் விலகி நின்றன. ஏதாவது கேட்டால் கருப்பாய் ஒரு திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன வேண்டுமோ நீயே தட்டு என்று காத்திருந்தது. கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது, கரண்டு போன டிவி மாதிரி இருக்குது" என்றார். இரண்டு முறை அதை அழித்துவிட்டுப் பழைய கள்ளக் காப்பிக்கே திரும்பினேன். அப்போது எனக்கு இருந்தது வீம்பு மட்டும்தான். தேவை பிறகுதான் வந்தது.

முதலில் மவுஸின் அம்பு தொலைய ஆரம்பித்தது. திரையில் எங்கேயோ இருக்கும், என் கண்ணுக்கு மட்டும் அகப்படாது. மவுஸைத் திட்டி, புது மவுஸ் வாங்கினேன். பிறகு வாசல்படி, தண்ணீர்க் குடம், தெருவில் படுத்திருக்கும் மாடு எல்லாம் பக்கவாட்டிலிருந்து திடீரென்று முளைத்து என்னை இடித்தன. சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கச் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது, நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதுவும் போகும், மருந்து கிடையாது. எத்தனை நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் வேர்க்கடலை வாங்கி, ஒவ்வொன்றாய் உரித்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். நான் அழவில்லை. ஊர் வரும்வரை தின்றுகொண்டே வந்தேன்.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். பார்க்காமல் சமைக்கலாம், பார்க்காமல் கோயிலுக்குப் போகலாம். பார்க்காமல் டிசைன் போட முடியுமா? அது முடியாதென்றால் நான் யார்? யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போகிற ஒரு பொம்பளை.

நான் வைத்திருந்த டிசைன் சாஃப்ட்வேரில் பொத்தான்கள் எறும்பு அளவு. பெரிதாக்க வழியில்லை. அப்போதுதான், மாத்திக்கலாம் என்று அந்த ரிப்பேர் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்றாம் முறையாக லினக்ஸைப் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை என் சொந்தக்காரர்கள் என் எதிரில் சொல்வதை அந்தச் சமயத்தில் நிறுத்தியிருந்தார்கள். நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். செய்துகொண்டிருந்தது அதைத்தானே.

இணையத்தில் தமிழில் பேசிக்கொள்ளும் ஒரு குழு இருந்தது. முகம் தெரியாத ஆட்கள். எனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். ஊரில் இதைச் சொன்னால் உச்சுக் கொட்டுவார்கள், உடனே ஒரு வைத்தியரின் பெயரைச் சொல்வார்கள். இந்தக் குழுவில் ஒருவர், "எந்த வெர்ஷன் போட்டிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு என் வீட்டுச் சோறு ஒரு வேளை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுத்தைப் பெரிதாக்கினேன். அது போதாமல் போனபோது நிறத்தை மாற்றினேன். அதுவும் போதாமல் போனபோது படங்களையும் பொத்தான்களையும் எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, நான் முன்பு வெறுத்த அந்தக் கருப்புத் திரையை மட்டும் வைத்துக்கொண்டேன். திரையில் வருவதைப் படித்துச் சொல்ல ஒரு குரலைப் போட்டேன். ஜலதோஷம் பிடித்த ஆண் குரல். தமிழை ஒவ்வொரு எழுத்தாய்க் கடித்துத் துப்பும். மூன்றாவது மாதம் அந்தக் குரல் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை.

அந்தக் கருப்புத் திரையில் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் ஒன்று உண்டு. கட்டளை தப்பாய்ப் போனால் என்ன தப்பு, எந்த வரியில் தப்பு என்று உடனே சொல்லிவிடும். சரியாய் முடிந்தால் ஒன்றும் சொல்லாது. சபாஷ் கிடையாது, சலாம் கிடையாது. பேசாமல் அடுத்த வரியில் போய் நிற்கும். பேசாவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். என் சுபாவத்துக்கு அது ஒத்துப்போனது. இன்னொரு குணம், எதையும் ஒளிக்காதது. எந்தக் கோப்பு யாருடையது, எப்போது மாற்றியது, இதுவரை தட்டிய கட்டளைகள் என்னென்ன, எல்லாம் எழுதி வைத்திருக்கும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாய்த் திரும்ப வரும். அதை நான் பயன்படுத்தியதே இல்லை. சின்னச் சின்ன வேலைக்கும் முழுக் கட்டளையையும் புதிதாய்த் தட்டுவேன். விரல் இன்னும் என் சொல்படி கேட்கிறது என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

டிசைன் போட ஒரு வழி கண்டுபிடித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். பழைய விடு, குத்து முறைதான். ஒவ்வொரு வரிக்கும் எத்தனை கட்டம் விட வேண்டும், எத்தனை குத்த வேண்டும் என்று எண்களாய்த் தட்டுவேன். குழுவில் உதவி கேட்டு நானே எழுதிய ஒரு சின்ன நிரல், அதாவது ப்ரோக்ராம், அந்த எண்களைக் கட்டப் படமாக்கிவிடும். அதைப் பெண்டிரைவில் போட்டுக் கணவரிடம் கொடுப்பேன். வரி சரியா என்று பார்க்க, குரலைப் படிக்கச் சொல்வேன். "மூன்று விடு. இரண்டு குத்து." இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் சொன்னது, இப்போது எனக்குச் சொல்லப்பட்டது. முதல் டிசைன், ஒரு ஜோடி மாங்காய், முடிந்த அன்று நான் அழுதேன். கணவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா வந்துக்குதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். முன்பெல்லாம் ஒரு கட்டம் தப்பினாலும் தறிக்காரர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார், தெருவே கேட்க என் மானத்தை வாங்குவார். இந்த எட்டு மாதத்தில் ஒருவரும் வரவில்லை. தப்பு இருந்தால் சொல்லியிருப்பார்களே. பேசவில்லை என்றால் வேலை சரியாய் முடிந்தது என்று அர்த்தம். அந்தக் கருப்புத் திரையிடம் கற்றதை நான் மனிதர்களுக்கும் வைத்துப் பார்த்தேன். குழுவில் என் முறையைப் பற்றிப் பெருமையாய் எழுதினேன். கண் தெரிந்த காலத்தைவிட இப்போது என் வேலை சுத்தம் என்றுகூட எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

பெருமாளுக்குச் சாத்த ஒரு பட்டு வஸ்திரம் வேண்டும் என்று ஒரு குடும்பம் கேட்டது. முந்தியில் நடுவே தாமரை, அதன் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் சங்கு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பதினேழு நாள் தட்டினேன். அட்டை குத்தி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. நெய்து முடியும் சமயத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சின்ன காஞ்சிபுரத்துக் கோயிலுக்குப் போயிருந்தேன். சன்னதியில் எனக்குத் தெரிந்தது கற்பூரத்தின் வெளிச்சம் மட்டும். பட்டர் அதைத் தூக்கிக் காட்டி, "வலது திருக்கையில சக்கரம், இடது திருக்கையில சங்கு, நன்னா சேவிச்சுக்கோங்கோ" என்றார்.

பெருமாளின் வலது கை, நிற்கிற நமக்கு இடது பக்கம். நான் கைகூப்பியபடியே என் டிசைனை மனதுக்குள் படித்துப் பார்த்தேன். வழக்கம்போல வலது கோடியிலிருந்து. நான் எண்களைத் தட்டியது எங்கள் வீட்டு வழக்கப்படி வலமிருந்து. என் நிரல் கட்டத்தை நிரப்புவதோ இடமிருந்து. எட்டு மாதமாய் என் டிசைன் ஒவ்வொன்றும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பித்தான் விழுந்திருக்கிறது. ஜோடி மாங்காய்க்கும் கோபுரத்துக்கும் இரண்டு பக்கமும் ஒன்று, மயில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மயில்தான், அதனால் தெரியவில்லை. பெருமாளுக்கு அப்படி இல்லை. வலது கையில் சங்கைக் கொடுத்துவிட்டேன்.

தீர்த்தம்கூட வாங்காமல் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். தறிக்காரர் அன்று காலைதான் வஸ்திரத்தைத் தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, இன்னா இந்த நேரத்துல, உக்காரு" என்றார். வஸ்திரத்தைக் கேட்டு மடியில் விரித்துக்கொண்டேன். பின்பக்கம் ஜரிகை இழை தட்டுப்படும், முன்பக்கம் வழுவழுப்பாய் இருக்கும். முன்பக்கத்தை மேலே வைத்து, முந்தியை நேராய்ப் பிடித்து, இடது பக்கத்திலிருந்து விரலால் தடவினேன். வட்டம். சுற்றிலும் பற்கள். சக்கரம். நடுவே தாமரை இதழ்கள். வலது பக்கம் வயிறு பெருத்து வால் கூர்ந்த சங்கு. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"அட்டையத் திருப்பிப் போட்டு நெய்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லியேம்மா. உங்க வூட்டுக்காரர் குடுத்த மாதிரியே மாட்டுனேன். சுத்தமா இருந்துச்சு." எழுந்து விளக்கைப் போட்டார். "இப்பல்லாம் சுத்தமாத்தான் வருது."

அவர் குரலில் ஒரு இரக்கம் இருந்தது. உச்சுக் கொட்டுகிறவர்களின் இரக்கத்தை நான் ஒரு தெரு தள்ளி இருந்தே கண்டுபிடித்துவிடுவேன்.

வீட்டில் கணவர் இல்லை. கணினியைப் போட்டு, நான் தட்டிய எண்களைக் குரலைப் படிக்கச் சொன்னேன். நான் பயந்தபடியேதான் இருந்தது. சங்கு இருக்க வேண்டிய இடத்தில் சக்கரம். என் எண்கள் தப்பு, துணி சரி. இரண்டுக்கும் நடுவில் யாரோ இருந்திருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மேல் அம்புக்குறியை அழுத்தினேன். நான் கடைசியாய்த் தட்டியவற்றைத் தாண்டியதும் ஜலதோஷக் குரல் ஒரு கட்டளையைப் படித்தது. படம் திருத்துகிற நிரலைத் திறக்கும் கட்டளை. அந்த நிரலை நான் மவுஸோடு சேர்த்துத் தலைமுழுகி எத்தனையோ நாளாகிறது. இன்னொரு முறை அழுத்தினேன். அதே கட்டளை, ஒரு எழுத்து தப்பாக. இன்னொரு முறை. அதே கட்டளை, இரண்டு எழுத்து தப்பாக.

அழுத்திக்கொண்டே போனேன். என் கட்டளைகளுக்கு நடுவில், ஒவ்வொரு டிசைனுக்கும், அவருடையது இருந்தது. நான் கோயிலுக்குப் போன மாலைகளிலும் சாப்பிட்டுப் படுத்த மதியங்களிலும் அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மயில், யாளி, ருத்திராட்சம், எதையும் விடவில்லை. அந்த முதல் ஜோடி மாங்காய் வரை போய்ச் சேர்ந்தேன். அங்கே அவருக்குக் கட்டளை ஒன்றுமே தெரியவில்லை. "ஓப்பன்" என்று தட்டியிருக்கிறார். பிறகு "ஓப்பன் டிசைன்". பிறகு "ப்ளீஸ் ஓப்பன்". கடைசியாக "ஹெல்ப்". கரண்டு போன டிவி என்று கிண்டல் செய்த மனிதர், அதன் முன்னால் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறார். குரல் அந்த நான்கையும் ஒரே மாதிரி படித்தது.

நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். அவர் மேல், தறிக்காரர் மேல், எல்லாம் தெரிந்தும் வாசலில் வந்து கத்தாத அத்தனை பேர் மேலும். கத்தியிருந்தால் நான் கற்றுக்கொண்டிருப்பேன், அல்லது விட்டிருப்பேன். எட்டு மாதம் என்னைத் தோசைக்கரண்டி கொடுத்து விளையாட விட்ட குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆத்திரம் அடங்கின பிறகு ஒன்றுமே மிச்சம் இல்லை. அது ஆத்திரத்தைவிட மோசம்.

கணவர் வந்தார். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் அம்புக்குறியை அழுத்தினேன். குரல், "ப்ளீஸ் ஓப்பன்" என்றது. அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"எல்லா டிசைனுமாங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தாம்மா. அங்கங்க ஒரு கட்டம், ரெண்டு கட்டம்."

"தொடாம விட்டது எது? ஒண்ணு சொல்லுங்க."

அவர் செருப்பை எடுத்து ஓரமாய் வைக்கும் சத்தம் கேட்டது. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "காபி போடட்டுமா?" என்றார்.

போடச் சொன்னேன். அவர் உள்ளே போனதும் அவர் பெயரில் ஒரு தனிப் பயனர் கணக்கை உருவாக்கினேன். இனி அவர் ஒளிந்து வந்து தட்ட வேண்டாம். அந்த அமைப்பில் ஒரு கோப்பின் உரிமையாளர் பெயரை மாற்றுவதற்கு ஒரு சின்னக் கட்டளை உண்டு. ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தால் அடைவில், அதாவது ஃபோல்டரில், இருக்கிற எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றிவிடும். முதல் மாங்காயிலிருந்து சங்கு சக்கரம் வரை எல்லா டிசைனும் அந்த ஒரே அடைவில்தான் இருந்தன. ஒவ்வொரு எழுத்தாய்த் தட்டினேன். அவர் டம்ளரோடு வந்து என் பின்னால் நின்றார். குரல் கட்டளையைப் படித்தது, அதில் அவர் பெயரையும் படித்தது. "இன்னாமா பண்ற?" என்றார்.

நான் என்டரைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். எங்கேயாவது ஒரு எழுத்துத் தப்பியிருக்க வேண்டும், அது என்னைத் திட்ட வேண்டும் என்று அந்தக் குரலைக் கும்பிடாத குறையாய்க் கேட்டுக்கொண்டேன். அது ஒன்றும் சொல்லவில்லை.